எஞ்சின் கோளாறு கண்டறிதல்: வெளிப் பட்டறையும் கம்பெனி சர்வீசும்

ஓடிக்கொண்டிருக்கும் காரில் திடீரென்று பிக்கப் குறைகிறது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் குலுங்குகிறது. மீட்டர் பலகையில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. தமிழ்நாட்டில் இந்த நிலைக்கு வந்த வாகன உரிமையாளரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, “கம்பெனியில் விடுறீங்களா, வெளியில் பாக்குறீங்களா?” என்பதுதான். ‘கம்பெனி’ என்றால் உற்பத்தியாளரின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர் நடத்தும் சர்வீஸ் நிலையம். ‘வெளி’ என்றால் எந்த நிறுவனத்தையும் சாராத தனி மெக்கானிக்கின் பட்டறை.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் செலவு, நம்பிக்கை என்ற அளவிலேயே பேசப்படுகிறது. அதன் வரலாறு வேறொரு இடத்தில் இருக்கிறது. பழுதைச் சரிசெய்யும் வேலை இரண்டு இடங்களிலும் ஏறக்குறைய ஒன்றே. எது பழுது என்று கண்டுபிடிக்கும் வேலைதான் ஒரு கட்டத்தில் கையிலிருந்து கருவிக்கு மாறியது. அந்தக் கருவியும் அதற்கான தகவலும் யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வி கடந்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா ஆகிய இடங்களில் சட்டமன்றங்களுக்கும் ஆணையங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் சென்றிருக்கிறது.

காதும் கண்ணும்

கார்புரேட்டர் பொருத்திய பெட்ரோல் எஞ்சினில் கோளாறு வரும் இடங்கள் குறைவு. காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலக்க வேண்டும். சரியான நேரத்தில் தீப்பொறி விழ வேண்டும். சிலிண்டருக்குள் போதிய அழுத்தம் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் வெளியிலிருந்தே சோதித்துவிடலாம்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்த்தால் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியும். முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது சூடு அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. சைலன்சர் புகையும் இதையே வேறு வகையில் சொல்லும்: கறும்புகை எரிபொருள் மிகுதியையும், நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவதையும், விடாமல் வரும் வெண்புகை ரேடியேட்டர் நீர் சிலிண்டருக்குள் இறங்குவதையும் காட்டும். எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டர் வாயில் குமிழிகள் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட்டின் மேல் சந்தேகம் விழும்.

நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்தித் தட்டல் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது இன்றும் பட்டறைகளில் காணக்கூடிய காட்சி. மருத்துவரின் ஸ்டெதஸ்கோப் செய்யும் வேலையை அது செய்கிறது. எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, ஓடும் எஞ்சினில் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார்கள். எந்த ஒயரை எடுத்தபோது எஞ்சின் ஓசையில் மாற்றம் இல்லையோ, அந்த சிலிண்டர் ஏற்கெனவே செத்திருந்தது என்று பொருள்.

இந்த முறைக்கும் பலவீனங்கள் உண்டு. காரணம் பிடிபடாதபோது “ஹெட்டை இறக்கிப் பார்த்துவிடலாம்” என்று எஞ்சினைப் பிரித்துவிடுவதும், ஒவ்வொரு உதிரிபாகமாக மாற்றிப் பார்ப்பதும் அக்காலத்திலும் நடந்தன. அதற்கான பணத்தை உரிமையாளர்தான் கொடுத்தார். பழைய மெக்கானிக்குகளைப் பற்றிய நினைவுகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. ஆனால் ஒன்று உறுதி: அன்று ஷோரூமில் இருந்த மெக்கானிக்கிடமும் தெருமுனை மெக்கானிக்கிடமும் இருந்தவை ஒரே வகைக் கருவிகள்தான்.

சில கார்கள், நீண்ட காலம்

இந்தியாவில் இந்தச் சமநிலை மற்ற நாடுகளைவிட நீண்ட காலம் நீடித்தது. 1980களின் தொடக்கம் வரை சாலைகளில் பெரும்பாலும் காணப்பட்டவை உத்தரபாராவில் தயாரான அம்பாசிடர், பம்பாயில் தயாரான பிரீமியர் பத்மினி, சென்னைக்கு அருகே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை. பல ஆண்டுகளுக்கு அவற்றின் எஞ்சின்கள் பெரிதாக மாறவில்லை. ஒருவர் பதினைந்து வயதில் கற்றுக்கொண்ட தொழில் ஐம்பது வயதிலும் செல்லுபடியானது. அந்தக் கார்களைப் பற்றி உற்பத்தியாளருக்குத் தெரிந்து வெளி மெக்கானிக்குக்குத் தெரியாத இரகசியம் எதுவும் மிச்சமிருக்கவில்லை.

தமிழ்நாட்டில் இந்த அறிவு வளர்ந்ததில் பேருந்துத் தொழிலுக்குப் பெரும் பங்கு உண்டு. 1911இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் தொடங்கிய நிறுவனமும், 1920இல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் பேருந்து ஓட்டத் தொடங்கிய கோவை ஜி.டி. நாயுடுவும் இதில் முன்னோடிகள். நாயுடு தமக்குக் கிடைத்த முதல் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டித்தான் எந்திரங்களைக் கற்றுக்கொண்டார் என்று சொல்லப்படுகிறது. பிரித்துப் பார்த்துக் கற்பது என்ற அந்த வழியே அடுத்த பல தலைமுறை மெக்கானிக்குகளின் கல்விமுறையாகவும் இருந்தது. பையனாகச் சேர்ந்து, மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவி, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, சில ஆண்டுகளில் கார்புரேட்டரைத் தொட அனுமதி பெறுவது வழக்கமான பாதை. ஐ.டி.ஐ.களின் மோட்டார் மெக்கானிக் படிப்பு இதற்கு இணையாக வளர்ந்தது. சென்னை புதுப்பேட்டை போன்ற உதிரிபாகச் சந்தைகள் பழைய பாகங்களைத் தந்து இந்தப் பட்டறைகளைத் தாங்கின.

1983 டிசம்பரில் முதல் மாருதி 800 வந்தபோது, இலவச சர்வீஸ் கூப்பனோடு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையங்களும் பரவின. ‘கம்பெனியில் விடுவது’ நடுத்தரக் குடும்பங்களின் பழக்கமாகத் தொடங்கியது. ஆனாலும் மாருதி 800இல் இருந்ததும் கார்புரேட்டர்தான். அதன் சிறிய மூன்று சிலிண்டர் எஞ்சினை வெளி மெக்கானிக்குகள் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். கோளாறு இன்னும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்திலேயே இருந்தது.

கலிபோர்னியாவில் எரிந்த விளக்கு

மாற்றம் தொடங்கியது அமெரிக்காவில். அதற்குக் காரணம் பழுதுபார்ப்பு அல்ல, புகை. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மேல் கவிந்த புகைமூட்டத்தைக் கட்டுப்படுத்த 1967இல் கலிபோர்னியா காற்று வள வாரியம் அமைக்கப்பட்டது. 1970இல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் வந்தது. அது விதித்த புகை வரம்புகளைக் கார்புரேட்டரைக் கொண்டு எட்டுவது கடினம். எஞ்சினுக்குச் செல்லும் காற்றை அளந்து, அதற்கேற்ற எரிபொருளை நொடிக்குப் பலமுறை கணக்கிட்டுச் செலுத்த ஒரு கணினி தேவைப்பட்டது. ஃபோக்ஸ்வாகன் 1960களின் இறுதியிலேயே பாஷ் நிறுவனத்தின் மின்னணு எரிபொருள் செலுத்து முறையைப் பயன்படுத்தியிருந்தது. 1970களின் தொடக்கத்தில் தன் கார்களில் சோதனைக் கருவியை இணைப்பதற்கென்றே ஒரு சாக்கெட்டையும் வைத்தது. 1980களில் மின்னணுக் கட்டுப்பாடு அமெரிக்கக் கார்களில் பரவலானது.

கணினி தன் சென்சார்களில் கோளாறு கண்டால் அதை ஓர் எண்ணாக நினைவில் வைத்துக்கொண்டு ‘செக் எஞ்சின்’ விளக்கை எரிய விடும். அந்த எண்ணைப் படிக்கும் வழி ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் சாக்கெட்டின் இரண்டு முனைகளை ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தால் விளக்கே சிமிட்டி எண்ணைச் சொல்லிவிடும்: ஒரு சிமிட்டல், இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12. வேறு கார்களுக்கு அந்த நிறுவனத்தின் கருவி வேண்டும். பல நிறுவனக் கார்களையும் பார்க்கும் தனி மெக்கானிக், அத்தனை கருவிகளையும் வாங்க வேண்டிய நிலைக்கு வந்தார். வாங்க நினைத்தாலும் எல்லாம் விற்பனைக்குக் கிடைக்கவில்லை.

கலிபோர்னியா 1988 மாடல் கார்களிலிருந்து வண்டிக்குள்ளேயே கோளாறு கண்டறியும் அமைப்பைக் கட்டாயமாக்கியது. இதுவே பின்னர் ஓபிடி–1 என்று அழைக்கப்பட்டது. 1990இல் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டபோது இரண்டு முடிவுகள் ஒன்றாக எடுக்கப்பட்டன. ஒன்று, இத்தகைய அமைப்பு நாடு முழுவதும் கட்டாயம். மற்றொன்று, புகை தொடர்பான பழுதுபார்ப்புத் தகவல்களை உற்பத்தியாளர்கள் தங்கள் விற்பனையாளர்களுக்கு மட்டுமன்றி, வாகனம் பழுதுபார்க்கும் எவருக்கும் தர வேண்டும். விற்பனையாளர் அல்லாத மெக்கானிக்கின் தகவல் உரிமை முதன்முதலில் சட்டத்தில் இடம்பெற்ற தருணங்களில் இது முக்கியமானது. அது சுற்றுச்சூழல் சட்டத்தின் வழியாக வந்தது என்பதுதான் வேடிக்கை. பெரும்பாலான கார்கள் வெளிப் பட்டறைகளில்தான் பழுதுபார்க்கப்படுகின்றன; அவர்களுக்குத் தகவல் கிடைக்காவிட்டால் காற்று தூய்மையாகாது என்பதே அதன் தர்க்கம்.

1996 மாடல் ஆண்டிலிருந்து அமெரிக்காவில் விற்ற எல்லாக் கார்களிலும் ஓபிடி–2 இருக்க வேண்டியிருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரே வடிவிலான 16 முனை சாக்கெட், எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடுகள், எந்தக் கருவியாலும் படிக்கக்கூடிய அடிப்படை அளவீடுகள் என்பவை அதன் கூறுகள். ஐரோப்பா பெட்ரோல் கார்களுக்கு 2001 முதல் இதையொத்த விதியைக் கொண்டுவந்தது.

குறியீடு சொல்வதும் சொல்லாததும்

பொதுக் குறியீடு வந்ததும் கோளாறு கண்டறிதல் எளிதாகிவிட்டது என்ற எண்ணம் பரவியது. ‘ஸ்கேன் பண்ணினால் தெரிந்துவிடும்’ என்று இன்றும் சொல்கிறார்கள். கருவி உண்மையில் என்ன சொல்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம்.

பி0171 என்பது ஓபிடி–2இல் அடிக்கடி வரும் குறியீடு. எஞ்சினில் எரியும் கலவையில் காற்று அதிகமாகவும் எரிபொருள் குறைவாகவும் இருக்கிறது என்பது அதன் பொருள். சைலன்சர் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டு சொல்கிறது. கணினி பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, ஓர் எல்லைக்கு மேல் கூட்ட முடியாதபோது விளக்கை எரிய விடுகிறது. இதற்குக் காரணம் காற்றுக் குழாயில் ஒரு வெடிப்பாக இருக்கலாம்; காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்திருக்கலாம்; பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம்; ஃபில்டர் அடைத்திருக்கலாம்; ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்து வெளிக்காற்று உள்ளே நுழையலாம். குறியீடு இவற்றில் எதையும் சுட்டிக்காட்டவில்லை. ஆக்சிஜன் சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் அந்தக் குறியீடே வந்தது. ஆனாலும் குறியீட்டைப் பார்த்தவுடன் அந்த சென்சாரை மாற்றிவிடுவது உலகெங்கும் நடக்கும் தவறு. நோயைச் சொன்னவனுக்கே மருந்து கொடுப்பது போன்றது அது.

அனுபவமுள்ளவர் இங்கே பழைய அறிவுக்குத் திரும்புகிறார். ஐடிலில் கணினி கூட்டும் பெட்ரோல் அளவு அதிகமாக இருந்து, எஞ்சின் வேகத்தைக் கூட்டியதும் அது இயல்புக்கு வந்தால், எங்கோ காற்றுக் கசிவு இருக்கிறது என்று ஊகிக்கலாம். கசிவு எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவு. எஞ்சின் நிறையக் காற்றை இழுக்கும்போது அதன் பங்கு சிறிதாகிவிடும். மாறாக, வேகம் கூடும்போது நிலைமை மோசமானால் பம்ப்பையோ ஃபில்டரையோ பார்க்க வேண்டும். கசிவின் இடத்தைக் கண்டுபிடிக்கக் குழாய் இணைப்புகளில் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிது தெளித்து, எஞ்சின் ஓசை மாறுகிறதா என்று கேட்பார்கள். ஸ்கேனரும் காதும் சேர்ந்து வேலை செய்யும் இடம் அது.

பழைய சோதனைகள் எல்லாமே இந்தப் புதிய எஞ்சின்களுக்குப் பொருந்தவில்லை. ஓடும் எஞ்சினில் பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தால் இக்னிஷன் காயிலோ கணினியோ கெடக்கூடும். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் சென்று கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடாக்கிப் பாழாக்கும். எதை விட்டுவிட வேண்டும், எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதைத் தொழிலாளி தானாகவே கற்க வேண்டியிருந்தது.

சென்னைக்கு வந்த ஊசி

இந்தியாவிலும் மாற்றத்தைக் கொண்டுவந்தது புகைதான். தில்லியின் காற்று மாசு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999இல் தலைநகர்ப் பகுதியில் விற்கப்படும் கார்களுக்கு யூரோ 1, யூரோ 2 வரம்புகளை விரைவாக நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வெளிவந்த ஹூண்டாய் சான்ட்ரோவில் ஏற்கெனவே கார்புரேட்டர் இல்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் மூலம் பெட்ரோல் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. முறை இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மற்ற கார்களும் அதற்கு மாறின.

ஓபிடி விதி இந்தியாவுக்குத் தாமதமாகவே வந்தது. பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு அதன் முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும், இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் கட்டாயமானது. 1998க்கும் 2010க்கும் இடைப்பட்ட அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வெளி மெக்கானிக்குக்கு மிகக் கடினமான காலம். காரில் கணினி வந்துவிட்டது. அதனுடன் பேசப் பொதுவான மொழி கட்டாயமாக்கப்படவில்லை. ‘கம்ப்யூட்டர் வண்டியா, கம்பெனிக்குப் போயிடுங்க’ என்று சொல்லித் திருப்பி அனுப்பும் பழக்கம் அந்த ஆண்டுகளில் உருவானது. எல்லா மெக்கானிக்குகளும் அப்படி அனுப்பவில்லை. கம்பெனியில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் தனியாகக் கடை போட்டவர்களும், ஸ்கேனர் வாங்கிவைத்து மற்ற பட்டறைகளுக்கும் சோதித்துக் கொடுத்த ஆட்டோ எலக்ட்ரீஷியன்களும் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பினார்கள். பிறகு சீனாவிலிருந்து பல நிறுவனக் கார்களையும் படிக்கும் ஸ்கேனர்கள் வந்தன. கைபேசியோடு புளூடூத்தில் இணையும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு கருவிகளும் வந்தன.

மலிவான கருவி படிக்கும், எழுதாது. டீசல் காமன் ரெயில் எஞ்சின்கள் பலவற்றில் இன்ஜெக்டரை மாற்றினால், அதன் மேல் அச்சிட்ட திருத்த எண்ணைக் கணினியில் பதிய வேண்டும். சாவி தொலைந்தால் புதிய சாவியைக் கணினிக்கு அறிமுகப்படுத்த வேண்டும். இவற்றுக்கு உற்பத்தியாளரின் மென்பொருளோ, அதற்கு ஈடான விலையுயர்ந்த கருவியோ தேவை. கோளாறைச் சரியாகக் கண்டுபிடித்த வெளி மெக்கானிக், பாகத்தையும் மாற்றிவிட்டு, கடைசியில் வண்டியைக் கயிறு கட்டிக் கம்பெனிக்கு இழுத்துச் செல்ல நேர்ந்தது இதனால்தான்.

போட்டி ஆணையத்தின் முன்

2011 ஜனவரியில் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் ஒரு முறையீடு அளித்தார். ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன், ஃபியட் ஆகிய மூன்று நிறுவனங்களின் இந்தியப் பிரிவுகள் அசல் உதிரிபாகங்களையும், கோளாறு கண்டறியும் கருவிகளையும், தொழில்நுட்பத் தகவல்களையும் தங்கள் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர்களுக்கு வெளியே கிடைக்கவிடாமல் செய்கின்றன என்பது குற்றச்சாட்டு. விசாரணை விரிந்து, நாட்டின் முக்கியக் கார் நிறுவனங்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் உள்ளடக்கியது.

நிறுவனங்களின் வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியது அல்ல. இன்றைய கார் சிக்கலானது. பயிற்சி இல்லாதவர் பிரேக்கிலோ ஏர்பேக்கிலோ கைவைத்தால் உயிருக்கு ஆபத்து. தங்கள் மென்பொருள் தங்கள் அறிவுச்சொத்து என்றார்கள். ஆணையம் வேறு கோணத்தில் பார்த்தது. ஒரு காரை வாங்கியவர் அதன் பிறகு அதே காரின் உதிரிபாகங்களையும் சர்வீசையும்தான் வாங்க முடியும். வேறு நிறுவனத்தின் பாகம் அதற்குப் பொருந்தாது. ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் தன் கார்களுக்கான பின்சந்தையில் ஆதிக்கம் உடையதாகிறது. பாதுகாப்புக் கவலைக்குத் தீர்வு பயிற்சியும் தரச்சான்றும்தான், பூட்டிவைப்பது அல்ல.

2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் கோளாறு கண்டறியும் கருவிகளும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றது. வெளியில் பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக உரிமையாளரின் வாரண்டியை முழுவதுமாக ரத்து செய்யக் கூடாது. தவறான பழுதுபார்ப்பால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் சொன்னது. ஹூண்டாய் தொடர்பான ஆணை 2015 ஜூலையில் தனியாக வந்தது, அபராதம் 420.26 கோடி ரூபாய். 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், டொயோட்டா, ஃபோர்டு, நிசான் ஆகியவை குறித்த முடிவுகளை உறுதிசெய்தது. மொத்த விற்றுமுதலைக் கணக்கிடாமல் உதிரிபாக வணிகத்தை மட்டும் அடிப்படையாகக் கொண்டு அபராதத்தைக் குறைத்தது. சட்டப் போராட்டம் அதற்குப் பின்னும் தொடர்ந்தது.

கார் உரிமையாளர்களில் மிகச் சிலருக்கே இந்த ஆணையைப் பற்றித் தெரியும். ‘வெளியில் காட்டினால் வாரண்டி போய்விடும்’ என்ற பேச்சு இன்னும் குறையவில்லை.

அமெரிக்காவில் இதே போராட்டம் வாக்குப்பெட்டி வழியாக நடந்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் புகை சார்ந்த தகவல்களை மட்டுமே திறந்துவிட்டது. பிரேக், ஏர்பேக், சாவி ஆகியவற்றின் மின்னணுக் கட்டுப்பாடு அதற்கு வெளியே நின்றது. 2012 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்தைப் பெரும் பெரும்பான்மையோடு ஏற்றார்கள். ஐம்பது மாநிலங்களில் ஐம்பது சட்டங்களைச் சந்திப்பதைவிட மேல் என்று கருதிய நிறுவனங்கள், 2014 ஜனவரியில் அந்த விதிகளை நாடு முழுவதும் பின்பற்ற ஒப்பந்தம் செய்துகொண்டன.

வேலை நடக்கும் விதம்

கருவி கிடைத்துவிட்டால் இரண்டு இடங்களும் ஒன்றாகிவிடுமா என்றால், இல்லை. வேலை அமைந்திருக்கும் விதமே வேறு.

கம்பெனி சர்வீசில் வாடிக்கையாளர் பேசுவது சர்வீஸ் அட்வைசரிடம். அவர் ஜாப் கார்டில் ‘பிக்கப் குறைவு’ என்று எழுதுவார். காரைத் தொடும் டெக்னீஷியன் பார்ப்பது அந்த இரண்டு சொற்களை. காலையில் முதல் முறை எடுக்கும்போதா, மேட்டில் ஏறும்போதா, ஏசி போட்டிருக்கும்போதா என்ற விவரம் வழியில் உதிர்ந்துவிடும். கோளாறு கண்டறிவதில் பாதி இந்த விவரங்களில்தான் இருக்கிறது. மறுபக்கம், அந்த டெக்னீஷியனுக்கு வெளியில் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது. ஒரு மாடலில் ஒரே கோளாறு நாடெங்கும் வரும்போது உற்பத்தியாளர் அனுப்பும் சுற்றறிக்கை அவரிடம் வரும். வெளி மெக்கானிக் மூன்று நாள் தேடியும் பிடிபடாதது, கணினி மென்பொருளைப் புதுப்பித்தால் தீரும் கோளாறு என்று அந்தச் சுற்றறிக்கையில் இரண்டு வரியில் எழுதியிருக்கும்.

வெளிப் பட்டறையில் உரிமையாளரும் மெக்கானிக்கும் நேராகப் பேசுகிறார்கள். பல சமயம் ஒன்றாகவே வண்டியை ஓட்டிப் பார்க்கிறார்கள். வாரண்டி முடிந்த, ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டிகள் அதிகம் வருவது அங்கேதான். தேய்ந்த எஞ்சின் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவர் அன்றாடம் காண்கிறார்; புதிய கார்களையே பெரும்பாலும் பார்க்கும் கம்பெனி டெக்னீஷியனுக்கு அந்த வாய்ப்பு குறைவு. பாகத்தை முழுதாக மாற்றாமல், உள்ளிருக்கும் சிறு பகுதியை மட்டும் சரிசெய்து பார்க்கும் துணிவும் அவருக்கு உண்டு.

குறைகளும் அதே அளவுக்கு உண்டு. கம்பெனியில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்ற கணக்கின் அழுத்தத்தில், காரணம் தேடும் நேரத்தைவிடப் பாகத்தை மாற்றும் நேரமே மிச்சம். வெளியில், மலிவான ஸ்கேனரால் குறியீட்டை அழித்துவிட்டு ‘சரியாயிடுச்சு’ என்று அனுப்பிவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. அழிக்கும்போது கோளாறு தோன்றிய நொடியில் கணினி பதிந்துவைத்த வேகம், சூடு, சுமை ஆகிய விவரங்களும் சேர்ந்து அழிகின்றன. இரண்டு நாளில் விளக்கு மறுபடி எரியும்போது, தடயம் இல்லாத வண்டி அடுத்த மெக்கானிக்கிடம் செல்கிறது. இரண்டாவது பழக்கம்தான் அதிகத் தீங்கு செய்கிறது என்று சொல்லலாம்: தேவையின்றி மாற்றிய பாகத்தால் பணம் போகும், அழித்த தடயத்தால் அடுத்தவரின் வேலையும் கெடும்.

புதிய பூட்டுகள்

2015இல் இரண்டு ஆய்வாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோக்கியை இணையம் வழியாகத் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். ஏறத்தாழ 14 லட்சம் வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அதன் விளைவாக அந்த நிறுவனம் 2018 மாடல்களிலிருந்து சாக்கெட்டுக்கும் காரின் கணினிகளுக்கும் இடையே ஒரு பாதுகாப்பு வாயிலை அமைத்தது. பதிவுபெற்ற கணக்கு இல்லாத ஸ்கேனர் குறியீட்டைப் படிக்கலாம். அழிக்கவோ, பாகங்களை இயக்கிச் சோதிக்கவோ முடியாது. வேறு நிறுவனங்களும் இதே வழியில் சென்றன. இதற்கிடையே கோளாறுத் தகவலைக் கம்பியில்லா இணைப்பு வழியாக நேரே உற்பத்தியாளருக்கு அனுப்பும் கார்கள் பெருகின. மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் 2020இல் அந்தத் தகவலையும் திறந்துவிடும்படி வாக்களித்தார்கள். நிறுவனங்கள் உடனே நீதிமன்றம் சென்றன.

இந்தியாவில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இணையத் தளம் ஒன்று தொடங்கப்பட்டது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று.

அதைவிடப் பெரிய மாற்றம் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தெருவுக்கு வந்திருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6, ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்கும் இருசக்கர வாகனங்களில் பெரும்பாலானவற்றிலிருந்து கார்புரேட்டரை நீக்கியது. கார் பட்டறைகள் இருபது ஆண்டுகளில் படிப்படியாகக் கண்ட மாற்றத்தை, மரத்தடியில் ஒரு பெட்டி ஸ்பேனரோடு உட்கார்ந்திருக்கும் பைக் மெக்கானிக் ஒரே ஆண்டில் சந்தித்தார். ஹேண்டில் அருகே சிறிய மஞ்சள் விளக்கு எரியும் வண்டியை அவரிடம் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். கார்களில் உள்ள 16 முனை சாக்கெட் அவற்றில் பலவற்றில் இல்லை. கார் ஸ்கேனரை மாட்ட வேறு இணைப்புக் கம்பி தேவை. சிலர் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சிலர் பிளக்கைக் கழற்றி, அதன் முனையின் நிறத்தைப் பார்ப்பதிலிருந்து தொடங்குகிறார்கள்.